வவுனிக்குளத்தில் இரண்டு கிரகணங்கள்: 1992 இல் காணாமல் போன நிலவும் 2025 இல் சிவந்த நிலவும்

1992 டிசம்பர் 10 விடியப்புறம், இலங்கையின் வன்னியில் வவுனிக்குளத்துக்குக் கீழே இருக்கும் எங்கள் வயலில் அப்பா பன்றிக்காவலில் இருந்தார். காலபோகப் பயிர் முழங்காலளவு நின்றது. விளக்கீட்டை ஒட்டிய பறுவம். மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்ததால் வானம் வெளித்திருந்தது. அந்த நாட்களில் வன்னியில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதும் அரிது. ஜாம் போத்தல் விளக்கில் திரியை உள்ளே இழுத்து வைத்துத்தான் இரவைக் கழிப்பார்கள். ஆகவே நிலவுள்ள இரவென்றால் காவல் கொட்டிலில் விளக்கே தேவையில்லை, வரம்பு முழுக்கத் தெரியும்.

அன்று நாலு மணிக்குப் பிறகு அந்த வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்தது. கிரகணம் என்று அப்பாவுக்கு விளங்கிவிட்டது. நிலவு செம்பு நிறமாக மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அது மாறவில்லை. கடைசி வெள்ளைக் கீற்றும் போன பிறகு வானத்தில் எதுவுமே இல்லை. "நிலவைக் காணேல்லைத் தம்பி. முகிலும் இல்லை, நிலவும் இல்லை. அமாவாசை மாதிரி வெள்ளி பூத்துக் கிடந்தது." வெள்ளி என்று எங்கள் பேச்சில் சொல்வது நட்சத்திரத்தை. இதை எனக்கு அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அப்போது எனக்கு நாலு வயது. நான் வீட்டில் நித்திரை.

இப்போது உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். பூரண சந்திர கிரகணத்தில் நிலவு சிவக்கும் என்று ஒவ்வொரு ஆண்டும் கரும்பலகையில் படம் கீறி விளக்குகிறேன். கீறும்போதெல்லாம் அப்பாவின் நிலவு ஞாபகம் வரும். சிவந்த நிலவு என்றால் மங்கலாகவாவது தெரிய வேண்டும். அது ஏன் அடியோடு மறைந்தது? 2025 செப்டெம்பர் 7 ஆம் திகதி இரவு, அதே வயல் வரம்பில் நின்று பதில் தேட ஒரு வாய்ப்பு வந்தது. அதன் பதிவுதான் இது.

சூரியனில் தொடங்கிய சந்தேகம்

கிரகண நிலவின் வெளிச்சம் தடவைக்குத் தடவை மாறுகிறது என்பது பழைய அவதானம். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டென்று சொன்னவர் பிரான்சின் வானியலாளர் அந்திரே டாஞ்சோன் (1890–1967), பின்னாளில் பாரிஸ் வானியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர். பழைய கிரகணப் பதிவுகளைத் திரட்டி 1920 களின் தொடக்கத்தில் அவர் ஒரு விதியை முன்வைத்தார். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. புள்ளிகள் மிகக் குறைந்த காலத்துக்குப் பின் வரும் ஓரிரு ஆண்டுகளில் கிரகணங்கள் இருண்டு கறுத்து இருக்கும். பிறகு ஆண்டுக்காண்டு வெளிச்சமும் சிவப்பும் ஏறும். அடுத்த குறைவு வரை ஏறிக்கொண்டே போய், அந்தக் கட்டம் தாண்டியதும் சடாரென்று மீண்டும் இருளும். இதுதான் அவர் கண்ட ஒழுங்கு.

அதை அளக்க அவர் உண்டாக்கிய அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. அதற்குக் கருவி வேண்டாம், கண் போதும். நிலவு இருக்கிற இடமே தெரியாவிட்டால் 0. சாம்பல் அல்லது மண்ணிறமாகி, மேற்பரப்பின் கறைகளைப் பிரித்துப் பார்ப்பதே கடினமென்றால் 1. நடு மிக இருண்டு, ஓரம் கொஞ்சம் வெளித்து, துருப்பிடித்த இரும்பு போலிருந்தால் 2. செங்கட்டி நிறமும் மஞ்சள் விளிம்பும் என்றால் 3. செம்பு அல்லது தோடம்பழ நிறத்தில் நன்றாக ஒளிர்ந்து, ஓரத்தில் நீலச் சாயல் தெரிந்தால் 4.

டாஞ்சோனின் விதியை முதலில் வாசித்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம். அப்பாவின் நிலவுக்குப் பதில் கிடைத்துவிட்டது, 1992 சூரியன் ஓய்ந்திருந்த காலம் போலும் என்று நினைத்தேன். பிறகு ஆண்டுகளை எடுத்துப் பார்த்தேன். கணக்கு நேர்மாறாக இருந்தது. புள்ளிகள் மிகக் குறைந்தது 1986 செப்டெம்பரில். உச்சம் 1989 இல். அதாவது 1992 டிசம்பர், குறைவிலிருந்து 6 ஆண்டும் 3 மாதமும் கழிந்த காலம். விதிப்படி நிலவு நல்ல வெளிச்சமாக இருந்திருக்க வேண்டும்.

2025 செப்டெம்பர் ஏன் எனக்கு முக்கியமானது என்பது இங்கேதான். இப்போதைய சுற்றின் குறைவு 2019 டிசம்பரில் நடந்தது, உச்சம் 2024 ஒக்டோபரில். அதிலிருந்து எண்ணினால் 5 ஆண்டும் 9 மாதமும். சூரியனைப் பொறுத்தவரை 1992 டிசம்பரும் 2025 செப்டெம்பரும் ஏறக்குறைய ஒரே கட்டம். பார்க்கும் இடம் ஒன்று. பார்க்கும் கண்களில் ஒரு சோடி இரண்டுக்கும் பொது. கிரகண வெளிச்சத்தைச் சூரியன்தான் தீர்மானிக்கிறது என்றால் இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

செப்டெம்பர் 7 இரவு

ஞாயிற்றுக்கிழமை, பறுவ நாள். சிறுபோகம் வெட்டி முடிந்த வயல் காய்ந்து கிடந்தது. கோயிலில் நேரத்தோடே நடை சாத்திவிட்டார்கள். ஆறு மாணவர்கள், அப்பா, நான், ஒரு பத்து மடங்குப் பைனாகுலர், ஆளுக்கொரு கொப்பி. கைபேசிகளை ஒரு பையில் போட்டுக் கட்டிவிடச் சொன்னேன். அதற்கு இரண்டு காரணம். திரையைப் பார்த்த கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது எடுக்கும். மற்றது, கைபேசிக் கமரா இருண்ட காட்சியைத் தானாகவே வெளிச்சமாக்கிவிடும். ஒவ்வொரு கிரகணத்துக்கும் இணையத்தில் பரவும் படங்கள் எல்லாம் ஒரே செம்மஞ்சள் நிறத்தில் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். அந்தப் படங்களை வைத்து எந்த ஆண்டு இருண்டது, எந்த ஆண்டு வெளித்தது என்று ஒப்பிடவே முடியாது.

9.57 க்கு நிழல் கடிக்கத் தொடங்கியது. 11.01 க்குப் பூரணம். இடையில் மெல்லிய முகில் சில தடவை குறுக்கே போனது. அந்த நேரத்தில் எழுதியவற்றைக் கோடு போட்டு விலக்கினோம். நிலவு ஏறத்தாழ தலைக்கு மேலே நின்றது, கழுத்து நோகப் பார்த்தோம். கிழக்கே சற்றுத் தள்ளிச் சனி, தெற்கே பொமல்ஹோட் என்ற வெள்ளி.

நடுக் கிரகணம் 11.42 க்கு. அந்த நேரத்தில் ஒருவருக்கொருவர் காட்டாமல் டாஞ்சோன் எண்ணை எழுதச் சொன்னேன். எழுதிய எண்கள் ஒன்றரையிலிருந்து மூன்று வரை பரவின. நடுவில் நின்றது 2. நிறத்துக்கு அவர்கள் எழுதிய சொற்கள்தான் எனக்கு அதிகம் பிடித்தன. "மழை நனைத்த கிரவல் வீதி" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். இன்னொருவன் "ஆறின கரிநெருப்பு". ஒன்றரை எழுதிய பெடியன் பிறகு தானே வந்து, பத்து நிமிடத்துக்கு முன்னர் ஒளித்து வைத்திருந்த கைபேசியில் நேரம் பார்த்ததாகச் சொன்னான். அவனுடைய எண்ணை வெட்டவில்லை, பக்கத்தில் குறிப்பு எழுதிவைத்தோம். பதிவு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கண் மதிப்பீடு ஆளுக்காள் மாறும் என்பதால் இன்னொரு முறையும் செய்தோம். பைனாகுலரைத் தலைகீழாகத் திருப்பி, பெரிய வில்லைப் பக்கம் கண்ணை வைத்துப் பார்த்தால் நிலவு சுருங்கி ஒரு வெள்ளியைப் போலத் தெரியும். பத்து மடங்குப் பைனாகுலர் என்றால் வெளிச்சம் நூறில் ஒரு பங்காகும், வானியல் கணக்கில் சரியாக 5 பருமன் மங்கும் (பருமன் என்பது வெளிச்சத்தைக் குறிக்கும் எண், எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்). அப்படிச் சுருங்கிய நிலவை வெறுங்கண்ணால் பார்க்கும் வெள்ளிகளோடு ஒப்பிட வேண்டும். சனி அதைவிட மிக வெளிச்சம், பொமல்ஹோட்டும் வெளிச்சம். கும்ப ராசியின் பிரதான வெள்ளிகள் இரண்டும் ஏறத்தாழ 2.9 பருமன் கொண்டவை. அவற்றோடு நிலவு ஒத்துப்போனது. 2.9 இலிருந்து 5 ஐக் கழித்தால், நடுக் கிரகண நிலவு சுமார் −2.1. பூரண நிலவு −12.7 என்பதால், அது ஏறத்தாழ 17,000 இல் ஒரு பங்காக மங்கியிருந்தது. கேட்க மிக இருட்டுப் போலத் தோன்றும். ஆனால் −2 என்பது வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரத்தைவிடக் கூடிய வெளிச்சம். கிரகண நிலவுக்கு அது சாதாரணமான அளவு.

வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கவில்லை. வடக்கு ஓரம் கறுத்தும் தெற்கு ஓரம் வெளித்தும் இருந்தது. அந்த முறை நிலவு நிழலின் மையத்துக்குத் தெற்கால் போனதால் வடக்கு ஓரமே மையத்தை நெருங்கியது.

அப்பாவிடம் கடைசியாகக் கேட்டேன். அண்டைக்கு மாதிரியா? அவர் யோசிக்கவே இல்லை. "இல்லைத் தம்பி. இது நிலவு தெரியுது. அண்டைக்கு அது இருந்த இடமே தெரியேல்லை."

ஒப்பீடு

2025 இல் பூரணம் 82 நிமிடம் நீடித்தது. 1992 இல் 74 நிமிடம், எங்கள் நேரப்படி அதிகாலை 4.37 முதல் 5.51 வரை. நிழலின் நடுவை நெருங்கிப் போனால்தான் பூரணம் நீளும். எண்ணில் சொன்னால் கருநிழல் அளவு (நிலவு நிழலுக்குள் எவ்வளவு ஆழமாகப் போனது என்ற எண்) 2025 இல் 1.36, 1992 இல் 1.27. பாதையை மட்டும் பார்த்தால் 2025 தான் கூடுதலாக இருண்டிருக்க வேண்டும். சூரியச் சுற்றை மட்டும் பார்த்தால், 1992 இன் சுற்று 10 ஆண்டுக்குள் முடிந்துபோன குறுகிய சுற்று என்பதால், அது சுற்றின் இன்னும் பிந்திய கட்டம். டாஞ்சோன் விதிப்படி 1992 சற்றுக் கூடவே வெளித்திருக்க வேண்டும். இரண்டு கணக்கும் ஒரே பக்கம் கைகாட்ட, நடந்தது மறுபக்கம்.

அப்பாவின் ஞாபகத்தை நம்பலாமா என்ற கேள்வியை நான் எளிதாக விடவில்லை. பறுவமும் பருவமும் பயிரின் உயரமும் பொருந்துகின்றன. 1990 க்கும் 1994 க்கும் இடையில் வன்னியில் விடியப்புறம் தெரிந்த பூரண சந்திர கிரகணம் இது ஒன்றுதான். நேரத்தில் குழப்பமில்லை. (1996 முதல் 2006 வரை நாட்டின் கடிகாரம் மாற்றப்பட்டிருந்தது, வன்னியில் பழைய நேரமே ஓடியது. 1997, 2001, 2004 கிரகணங்களைப் பற்றி யாரிடமாவது கேட்பவர்கள் பழைய நேரமா புதிய நேரமா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.) ஆனால் ஒரு பலவீனம் உண்டு. 1992 இல் நிலவு மேற்கே சரிந்துகொண்டிருந்தது. அடிவானத்தை நெருங்கும் எந்த ஒளியும் மங்கும். ஐந்து மணிக்குப் பிறகு கிழக்கும் வெளிக்கத் தொடங்கிவிடும். ஆகவே 5.15 க்கு அவர் நிலவைக் காணவில்லை என்றால் அதை நான் சாட்சியாக எடுக்க மாட்டேன். பூரணம் தொடங்கிய முதல் இருபது நிமிடம் வேறு கதை. அப்போது வானம் முழு இருட்டு, நிலவு மரங்களுக்கு மேலே நல்ல உயரத்தில் நின்றது. அந்த இருபது நிமிடத்தைத்தான் அவர் "வெள்ளி பூத்துக் கிடந்தது" என்று சொல்கிறார். அதே கிரகணத்தை ஐரோப்பாவில் நடுச்சாமத்தில் உயரத்தில் வைத்துப் பார்த்தவர்களும் மிக மிக இருண்டது என்றே பதிவுசெய்தார்கள். வயலில் தனியே நின்ற ஒரு மனிதரும் தொலைநோக்கியோடு நின்றவர்களும் ஒன்றையே சொல்கிறார்கள்.

பினாத்துபோ

1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினாத்துபோ எரிமலை வெடித்தது. 150 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கந்தக ஈரொட்சைட்டு, முகில்களுக்கு மேலுள்ள காற்று அடுக்கான படைமண்டலத்துக்குப் போனது. அங்கே அது கந்தக அமிலத்தின் நுண்துளிகளாக மாறி, பூமி முழுவதையும் ஒரு மெல்லிய சல்லாத் துணிபோலப் போர்த்தியது. சாம்பல் சில நாட்களில் விழுந்துவிடும். இந்தத் துளிகள் அவ்வளவு உயரத்தில் மழையால் கழுவப்படாமல் இரண்டு மூன்று ஆண்டு தங்கும். உலகின் சராசரி வெப்பநிலையையே அரைப் பாகையளவு குறைத்தவை அவை.

கிரகண நிலவுக்கு இதில் என்ன வேலை? வளிமண்டலம் இல்லாத பூமியாக இருந்தால் கிரகண நிலவு ஒவ்வொரு தடவையும் மறைந்தே போகும். நாம் காணும் சிவப்பு, பூமியின் விளிம்பைச் சுற்றியுள்ள காற்று வளையத்தில் முறிவடைந்து நிழலுக்குள் வளையும் சூரிய ஒளி. அந்த நேரத்தில் நிலவில் நிற்பவருக்குப் பூமி ஒரு கறுத்த வட்டம். அதைச் சுற்றி, உலகின் எல்லாச் சூரிய உதயமும் எல்லா அஸ்தமனமும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு செவ்வளையம். காற்று நீலத்தைச் சிதறடித்துச் சிவப்பை மட்டும் விடுகிறது. நிழலின் ஓரத்துக்குப் போகும் கதிர் படைமண்டலத்தின் உயர்ந்த, தெளிந்த பகுதியால் போகிறது. ஓசோன் அதில் சிவப்பைக் கொஞ்சம் உறிஞ்சுவதால்தான் ஓரத்தில் நீலச் சாயல். நிழலின் நடுவுக்குப் போகும் கதிர் ஏறத்தாழ ஒரு பாகை வளைய வேண்டும், அதற்குத் தாழ்ந்த, அடர்ந்த, முகிலுள்ள காற்றுக்குள்ளால் போக வேண்டும். அதனால்தான் நடு எப்போதும் இருள்.

வெளிச்சத்தின் பெரும் பங்கை நிலவுக்கு அனுப்புவது படைமண்டலம். அதை அமிலத் துளி மூடினால் விளக்கின் சிமினியில் கரி பிடித்ததுபோல. அதுவும் ஒளி காற்றைச் செங்குத்தாகக் கடக்காமல் விளிம்பை உரசி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் கிடையாகப் போகிறது. தலைக்கு மேலே பார்த்தால் தெரியாத மெல்லிய மூட்டம், அந்த நீண்ட வழியில் தடித்த சுவராகிவிடும். அப்பா அந்த இரவு வானம் தெளிவு என்று சொன்னதும் உண்மை, நிலவு மறைந்ததும் உண்மை. மூட்டம் வவுனிக்குளத்துக்கு மேலே மட்டும் இருக்கவில்லை. பூமியின் விளிம்பைச் சுற்றி இருந்தது.

சூரியனுக்கு வருவோம். ஒரு சுற்றின் உச்சத்துக்கும் குறைவுக்கும் இடையில் சூரியன் தரும் மொத்த ஒளி மாறுவது வெறும் 0.1 சதவீதம். கண்ணுக்கு 10 சதவீத வித்தியாசமே எளிதில் பிடிபடாது. கிரகணங்களுக்கிடையிலான வித்தியாசமோ நூறு மடங்குக்கும் மேல். சூரியனின் புறஊதாக் கதிர் இதைவிடக் கூடுதலாக மாறி ஓசோனைச் சற்று அசைக்கிறது என்பது சரிதான். ஆனால் அந்த அசைவும் சில சதவீதம்தான், நிலவை மறைக்கும் அளவு அல்ல.

அப்படியென்றால் டாஞ்சோன் கண்ட ஒழுங்கு எங்கிருந்து வந்தது? நேர்மையான, கடுமையாக உழைத்த ஒருவர் இல்லாததைக் கண்டார் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. என் எண்ணம் இது. 1902 மேயில் மார்ட்டினிக்கின் பெலே எரிமலையும் அதே ஆண்டு ஒக்டோபரில் குவாத்தமாலாவின் சாந்தா மரியாவும் வெடித்தன. சூரியக் குறைவும் 1902 ஐ ஒட்டியே வந்தது. 1912 ஜூனில் அலாஸ்காவின் கட்மாய். அடுத்த குறைவு 1913. அவருடைய தலைமுறை கண்ணால் கண்ட இரண்டு குறைவுகளும் எரிமலைகளோடு சேர்ந்தே வந்துவிட்டன. ஆண்டுகளை அடுக்கிப் பார்க்கும் எவருக்கும் சூரியன்தான் காரணமாகத் தோன்றியிருக்கும்.

சுற்றின் நடுப்பகுதிக்கு வந்தால் விதி உடைகிறது. கிரக்கத்தோவா 1883 இல் வெடித்தது. 1884 ஒக்டோபர் 4 கிரகணம் கடும் இருள், அப்போது சூரியக் குறைவு முடிந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது. மெக்சிக்கோவின் எல் சிச்சோன் 1982 இல் வெடித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 30 கிரகணமும் இருண்டது, குறைவிலிருந்து ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. பிறகு 1992. மூன்று இருண்ட நிலவுகள், மூன்றும் விதிப்படி வெளித்திருக்க வேண்டிய காலத்தில். எங்கள் 2025 இரவு இந்த மூன்றுக்கும் அருகில் வைத்துப் பார்க்கக் கூடியது: அதே கட்டம், பினாத்துபோ போன்ற மூட்டம் படைமண்டலத்தில் இல்லை, நிலவு ஒழுங்காகச் சிவந்தது.

பாதையின் பங்கையும் மறக்கக் கூடாது. 2018 ஜூலை 28 அதிகாலை, பூரணம் 103 நிமிடம், இந்த நூற்றாண்டின் மிக நீண்டது. நிலவு நிழலின் மையத்துக்குள்ளாலேயே போனது, பக்கத்தில் செவ்வாய் தணல்போல நின்றது. அடுத்த சூரியக் குறைவுக்கு ஒன்றரை ஆண்டுதான் இருந்ததால் டாஞ்சோன் விதி 4 ஐ எதிர்பார்க்கச் சொல்லும். என் பழைய கொப்பியில் "2, நடு மிகக் கறுப்பு" என்று இருக்கிறது. எரிமலையைத் தேட அங்கே அவசியமில்லை, மையத்துக்குள் போன நிலவு இருளத்தான் செய்யும்.

அடுத்த இரவுகள்

இந்த வழக்கு ஒரு சோடி கிரகணத்தில் நிற்கிறது, அதில் ஒன்று நினைவிலிருந்து வந்தது. டாஞ்சோனின் விதியைச் சரியாகச் சோதிக்க வேண்டுமென்றால் சூரியக் குறைவுக்கு உடனே பிந்திய, எரிமலை மூட்டம் இல்லாத கிரகணங்கள் வேண்டும். அந்த வகையில் வன்னிக்கு நல்ல காலம் வருகிறது. 2028 டிசம்பர் 31 இரவு 9.46 முதல் 71 நிமிடம் பூரணம். மாரி முகில் விட்டால் அது எங்களுக்கு ஒத்திகை. இப்போதைய சுற்று வழக்கமான நீளத்தோடு ஓடினால் குறைவு 2030 ஐ ஒட்டி வரும். அதன் பின் 2032 ஏப்ரல் 25, 2032 ஒக்டோபர் 18 நள்ளிரவு தாண்டி, 2033 ஏப்ரல் 14 நள்ளிரவு தாண்டி என்று மூன்று பூரண கிரகணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இங்கிருந்து தெரியும். இடையில் பெரிய எரிமலை எதுவும் வெடிக்காமல், மூன்றும் 0 அல்லது 1 என்று இருண்டால், நான் இங்கே எழுதியதைத் திருத்தி எழுதுவேன். 3 என்று சிவந்தால் டாஞ்சோனின் விதியை வகுப்பில் சொல்லும்போது 1902 ஐயும் 1912 ஐயும் சேர்த்தே சொல்வேன்.

பைனாகுலரை மாற்றப் போவதில்லை. ஒரே கருவியாக இருந்தால்தான் எண்களை ஒப்பிடலாம். ஆறு கொப்பிகளையும் ஒரு தகரப் பெட்டியில் கறையான் அரிக்காதபடி வைத்திருக்கிறேன். 2032 ஏப்ரல் 25 அன்று நடுக் கிரகணம் இரவு 8.43 க்கு. அப்பாவிடம் நேரத்தைச் சொன்னேன். "எட்டரைக்கெல்லாம் பன்றி வராது, வரம்பிலயே இருக்கலாம்" என்றார்.